ரெண்டடிப் பைப்

ஆறு வருசமாக அர்த்தநாரிக்கு ஒரு மனத்தாங்கல். ஒரு பொம்பளை தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் வேலையைப் படம் பிடித்து ஊருக்கே காட்டிவிட்டாள் என்பதுதான் அது. பாகப் பிரிவினையில் கிணற்றுப் பக்கத்து நிலம் அண்ணன் கைக்குப் போனதைக்கூட அவர் மறந்துவிட்டார். இதை மறக்கவில்லை. காலையில் பட்டறை ஷட்டரைத் தூக்கும்போது ஒரு தடவை, மத்தியானம் சோத்துப் போசியைத் திறக்கும்போது ஒரு தடவை, தினமும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொள்வார்.

பட்டறை திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டோரம் இருக்கிறது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அர்த்தநாரி. பதினாலு வயசில் போர்வெல் லாரியில் ஏறி, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பதினேழு வருசம் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துவிட்டுத் திரும்பினார். வெல்டிங் வைத்து இரும்பை ஒட்டுவதும் நட்டை முறுக்குவதும் அங்கே கற்றதுதான். குழி போடும் அந்த ரிக் வண்டியில் ஒரு நட்டு லூசானால் நட்டோடு போகாது, துளைக்கிற ராடு விழும், கீழே நிற்கிறவன் மேல் விழும். அதனால் ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயைச் சொருகி, அதில் ஆள் தொங்கி முறுக்குவார்கள். அப்படித் தொங்கிய ரெண்டடிப் பைப் ஒன்று அவர் கூடவே ஊருக்கு வந்தது. கை பட்டுப் பட்டு நடுவில் வழவழவென்று இருக்கும்.

கேட்டும் கிரில்லும் செய்துகொண்டிருந்தவரை மோட்டார் சைக்கிள் பக்கம் இழுத்துவந்தது தீனதயாளன். சங்ககிரியில் டயர் கடை வைத்திருப்பவர். நாமக்கல், சேலம் பக்கத்து ஆட்களைச் சேர்த்து ‘செங்கோடு ரைடர்ஸ்’ என்று ஒரு குழு நடத்துகிறார். லாரிக்கு பாடி கட்டுகிறவர், வாத்தியார், முட்டை வியாபாரி, தறி வைத்திருப்பவர் எல்லாம் அதில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு பைபாஸ் டீக்கடையில் கூடுவார்கள். யாராவது புதுசாக ஒரு மஞ்சள் விளக்கோ, முகத்தில் காத்தடிக்காமல் இருக்கக் கண்ணாடியோ மாட்டியிருந்தால், பெண் பார்க்க வந்தவர்கள் போலச் சுற்றி நின்று பார்ப்பார்கள். அப்புறம் எங்காவது ஓட்டிக்கொண்டு போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்புவார்கள். தலைக்கவசத்தில் தீப்பெட்டி மாதிரி ஒரு கேமரா. போன வழி முழுக்க அதில் பதிந்து, மறுநாள் போனில் வந்துவிடும்.

தீனதயாளனின் வண்டிக்கு அர்த்தநாரி, வண்டி விழுந்தால் கால் நசுங்காமல் தடுக்கும் கிராஷ் கார்டு ஒன்றைச் செய்து கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொருத்தர், அவரைப் பார்த்து மற்றொருத்தர் என்று பட்டறை வாசலில் பைக்குகள் வரிசை கட்டின. ‘அர்த்தநாரி, தி.கோடு’ என்று தகட்டில் வெட்டி ஒவ்வொரு வேலையிலும் ஒட்டி அனுப்பினார். புதுசாக போர்டும் எழுதி மாட்டினார்.

அந்தக் குழுவில் தானே வண்டி ஓட்டிய ஒரே பெண் அறிவுச்செல்வி. அவள் வண்டிக்கு முன்னால் கிராஷ் கார்டும் பின்னால் பெட்டி வைக்கக் கேரியரும் செய்து கொடுத்தார். முப்பத்திரண்டாம் நாள், கொல்லிமலை ஏறும்போது, நாற்பத்தோராவது வளைவில் கேரியர் கழன்று பெட்டியோடு பள்ளத்துக்குப் போய்விட்டது. பின்னால் வந்த தீனதயாளன் பிரேக் பிடித்துச் சறுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். “திருச்செங்கோட்டுல செஞ்ச கேரியருங்க. மாசம் ஒண்ணுதான் ஆச்சு, புட்டுக்கிச்சு” என்று அறிவுச்செல்வி பேசிப் போட்ட நாலு நிமிச வீடியோவை எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்தார்கள். பட்டறைப் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கேரியரில் அவர் ஆசையாக ஒட்டிய தகடு பளிச்சென்று தெரிந்தது.

அர்த்தநாரி அந்த வீடியோவைப் பத்து செகண்டுதான் பார்த்தார். தன் பெயர் தெரிந்ததும் போனைச் சுவரில் அடித்தார். அவர் மனைவி பாவாயி சில்லுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டே, “போன ஒடைச்சா வீடியோ ஒடைஞ்சு போயிருமாக்கும்?” என்றாள்.

பைக்குகள் வருவது நின்றது. போர்டை இறக்கிச் சுவரோரம் சாத்தினார். மறுபடி கேட், கிரில், கோழிப்பண்ணைக் கூண்டு. “என்ற ஒட்டு உடையாது. ரிக்குல ஒட்டின கை இது” என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம், அதே வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது.

“அண்ணா, நல்லா இருக்கீங்ளா?”

அர்த்தநாரி வெல்டிங் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “இருக்கறனுங்க. கேமரா ஓடுதுங்களா?”

“இல்லீங்க. நிறுத்திப்போட்டுத்தான் வந்தேன்.”

“அப்பச் செரி. நான் திட்டறது உலகத்துக்குத் தெரியாது.”

அறிவுச்செல்வி தலைக்கவசத்தைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினாள். “திட்டுங்க. ஆறு வருசத்துத் திட்டு. நின்னுட்டுக் கேக்கறதுங்களா, உக்காந்துட்டா?”

இப்படிக் கேட்டால் யாரால் திட்ட முடியும்? அர்த்தநாரி வண்டியைச் சுற்றி வந்தார். முன்னால் அவர் செய்த கிராஷ் கார்டு இன்னும் இருந்தது. ஒரு பக்கம் உள்வாங்கி வளைந்திருந்தது. அவர் விரல் தானாக ஒட்டுகளைத் தடவியது.

“பரமத்தி ரோட்டுல லாரிக்காரன் ஓரங்கட்டிட்டானுங்க. அது இல்லீன்னா என்ற கால் இல்லைங்க” என்றாள். “ஒரு லச்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்குது. ஒட்டு ஒண்ணு விடலை. ஒடைஞ்சத ஒடைஞ்சுதுன்னு சொன்னவ, ஒடையாததையும் சொல்லோணுமல்லங்க? அதுக்குத்தான் வந்தேன். இன்னொரு கேரியர் வேணும்.”

பின்சீட்டிலிருந்து அவள் கணவன் தமிழரசு ஒவ்வொரு காலாக இறங்கிக்கொண்டிருந்தான். முட்டைக் குடோனில் கணக்குப் பார்க்கிறவன். அவனுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

அறிவுச்செல்வி பிறந்தது மேச்சேரிப் பக்கம், ஆடு வளர்க்கிற வீடு. நாமக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்தவள், கோழிப்பண்ணைகளுக்குத் தடுப்பூசி போடும் குழுவில் சேர்ந்தாள். இன்று அவள் கீழே ஆறு பெண்கள். வெயில் ஏறுமுன் கோழியைப் பிடித்தாக வேண்டும் என்பதால் கோழி கூவும்போதே கிளம்பிவிடுவாள். பண்ணைக்குப் போகிற மண் தடத்தில் ஸ்கூட்டர் சறுக்கிச் சறுக்கி விழுந்ததால், கொழுந்தனின் பழைய பைக்கை எடுத்து ஓட்டிப் பழகினாள். அப்புறம் சொந்தமாக வாங்கினாள். “என்னப்பா, ஊட்டுக்காரி ஓட்ட நீ பின்னால குந்திட்டுப் போற?” என்று கேலி செய்தவர்களிடம், “முன்னால குந்துனா ரோடுதானுங்க தெரியும், பின்னால குந்துனா ஊரே தெரியும்” என்பான் தமிழரசு. வளைவுகளில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வான்.

“எங்க போறீங்க?” என்று கேட்டார் அர்த்தநாரி.

“ஜெய்சல்மேர்.”

அர்த்தநாரி நிமிர்ந்தார். அந்த ஊரைச் சுற்றி அவர் எத்தனை குழி போட்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

“எங்கப்பன், எங்க பெரியப்பன் பசங்க, எங்கூர்ல பாதி ஆம்பளைங்க ரிக் வண்டியில போயி ராஜஸ்தான் பாத்துட்டு வந்து கதை சொல்றாங்க. மணல்ங்கறாங்க, ஒட்டகம்ங்கறாங்க. ஒரு பொம்பளையும் பாத்ததில்லைங்க. நானு இருபத்திநாலு நாள் லீவு சேத்து வெச்சிருக்கேன். மாசியில கெளம்பறோம். குழுவுல பன்னெண்டு வண்டி.”

“அங்க சில ரோடு தகரக் கூரை மாதிரி அலையலையா இருக்கும் அம்மிணி. வண்டிய ஒதறித் தள்ளீரும்.”

“தெரிஞ்சுதான் உங்ககிட்ட வந்தேன்” என்றாள். கடையில் விற்கிற கேரியர்களில் பெட்டி வைத்தால் தமிழரசுக்கு உட்கார இடமில்லை, தமிழரசு உட்கார்ந்தால் பெட்டிக்கு இடமில்லை. பழைய கேரியர்தான் ரெண்டுக்கும் பொருந்தியது. அதுவோ கொல்லிமலைப் பள்ளத்தில் கிடக்கிறது. அதன் அளவைக் காட்டுவதற்காகப் பழைய வீடியோவை போனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். மருந்து நம்பர், தேதி எல்லாம் எழுதி வைத்தே பழகிய கை. எடுத்த ஒவ்வொரு வீடியோவையும் தேதி போட்டு அடுக்கி வைத்திருந்தாள்.

“மொதல்ல விழுந்ததப் பாருங்க. அன்னிக்குப் பின்னால ஏதோ கடகடன்னுச்சுன்னு கேமராவக் கழட்டி கேரியரப் பாத்து மாட்டியிருந்தேன்.”

ஆறு வருசத்தில் முதல் தடவையாக அர்த்தநாரி அதை முழுசாகப் பார்த்தார். அவள் மெதுவாக ஓடவிட்டாள். வளைவில் வண்டி சாய்கிறது. ஒரு போல்ட்டின் தலை, பால்பல் விழுகிற மாதிரி, தனியாகத் தெறித்துப் போகிறது. அடுத்து இன்னொன்று. கேரியர் ஒரு பக்கம் தொங்கி, பெட்டியின் கனம் இழுக்க, அப்படியே போகிறது. போகும்போதும் ஒட்டுகள் ஒன்றுகூட விடவில்லை.

“பாத்தீங்ளா? ஒட்டு உடையலீங்க. போல்ட்டுத்தான். அன்னிக்கு ஆத்திரத்துல இத நான் கவனிக்கலை. போன மாசம் அளவு பாக்க எடுத்தப்பத்தான் தெரிஞ்சுது” என்றாள். “போல்ட்டு வித்தவன் மட்டமான சரக்கக் குடுத்துட்டான், அர்த்தநாரியண்ணன் மேல தப்பில்லைன்னு நானே ஒரு வீடியோ போட்டறேன். மன்னாப்பும் கேட்டுக்கறேன்.”

இதற்காகத்தான் ஆறு வருசம் காத்திருந்தார். சாத்தி வைத்த போர்டின் பக்கம் கண் போனது.

“இப்ப அளவப் பாருங்க. நீங்க மாட்டிக் குடுத்த அன்னிக்கு எடுத்தது. கேமரா வாங்குன புதுசு, கண்டதெல்லாம் புடிப்பேன்.”

இதே பட்டறைதான் போனில் தெரிந்தது. மீசை கறுத்த அர்த்தநாரி குனிந்து கேரியரை மாட்டுகிறார். ஸ்பேனரைப் போடுகிறார். அப்புறம் மூலையிலிருந்து ரெண்டடிப் பைப்பை எடுத்துச் சொருகுகிறார். ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, முழு உடம்பையும் சாய்த்துத் தொங்குகிறார். கிறீச்சென்று ஒரு சத்தம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அப்படியே. கடைசியில் பைப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். “எமனே வந்தாலும் இதக் கழட்ட முடியாதுங்க அம்மிணி.”

அறிவுச்செல்வி படத்தை நிறுத்தி, “இந்தக் கம்பி சீட்டுலருந்து நாலு விரக்கடை தள்ளி வருது பாருங்க” என்று திரையில் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அர்த்தநாரிக்குப் புரிந்தது. கட்டைவிரல் கனம் உள்ள ரிக் போல்ட் அந்த முறுக்கைத் தாங்கும். சுண்டுவிரல் கனம்கூட இல்லாத பைக் போல்ட் மிட்டாய் மாதிரி இழுபட்டுக் கழுத்து மெலிந்துபோகும். மெலிந்தது முப்பத்திரண்டு நாள் தாங்கியதே பெரிசு.

எழுந்து போய்க் குடத்துத் தண்ணீரை ஒரு சொம்பு குடித்தார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. போல்ட் விற்றவன் எவன் என்றும் யாரும் தேடப் போவதில்லை. போர்டைத் துடைத்து மேலே ஏற்றிவிடலாம். இன்னொரு சொம்பு குடித்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

“போல்ட்டு நல்ல போல்ட்டுத்தான் அம்மிணி.”

“என்னங்க?”

“முறுக்குனவன் செரியில்லை.” போனில் பைப்பைத் தொட்டுக் காட்டினார். “ரிக்குல முறுக்குற மாதிரி முறுக்கீருக்கறேன். கழுத்து செத்துப்போன போல்ட்டுலதான் உங்கள மலைக்கு அனுப்பிச்சிருக்கறேன்.”

ரோட்டில் ஈரோட்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. தமிழரசுதான் பேசினான். “அப்ப போல்ட்டுக் கடைக்காரன் தப்பிச்சானுங்க.”

அறிவுச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “அப்ப நான் சொன்ன வீடியோ வேண்டாமுங்களா?”

“வேண்டாம். பொய்யச் சொல்லி என்ற பேரத் தூக்கி நிறுத்த வேண்டாம்.”

“நெசத்த நீங்களே சொல்லுங்க. கேமராவப் போடறேன்.”

“உங்குளுக்குக் கேரியர் வேணுமா, சினிமா வேணுமா?”

“செரி, கேரியரே செய்யுங்க” என்றாள்.

மறுநாள் அர்த்தநாரி சேலத்துக்கு பஸ் ஏறிப் போய் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி வந்தார். இவ்வளவு முறுக்கினால் போதும் என்று அளவு வைத்துக்கொள்ளலாம். அந்த அளவு வந்ததும் டக்கென்று சத்தம் கொடுக்கும். பழைய இரும்பில் நாலைந்து போல்ட்டைப் போட்டு முறுக்கிப் பார்த்தார். டக். அவ்வளவுதானா? கை நமைத்தது, இன்னும் அரைச் சுற்று கேட்டது. பாவாயி வேடிக்கை பார்த்துவிட்டு, “அது போதும்ங்குது. நீங்கதான் போதாதுங்கறீங்க” என்றாள்.

பத்து நாளில் கேரியர் தயாரானது. தகட்டில் பெயர் வெட்டவில்லை. மாட்டுகிற அன்று எட்டு போல்ட்டும் டக் டக்கென்று முடிந்தன. அறிவுச்செல்வி ஒரு சின்ன நீலப் பெயிண்ட் டப்பாவை எடுத்து, ஒவ்வொரு நட்டின் மேலிருந்து தொடங்கி இரும்புவரை ஒரு கோடு இழுத்தாள்.

“இது எதுக்கு?”

“தண்ணியில மருந்து குடுத்தா நீலச் சாயம் கலந்துதானுங்க குடுப்போம். கோழி வாயத் தொறந்து பாத்து, நாக்கு நீலமா இருந்தா மருந்து உள்ள போயிருக்குது. இல்லீன்னா போகலை. வாய்ச் சொல்ல நம்பறதில்லை. இந்தக் கோடு நேரா இருந்தா நட்டு நகரலை.”

அர்த்தநாரி மனசுக்குள் மெச்சிக்கொண்டார். வெளியில், “கோழி டாக்டரு” என்று மட்டும் முனகினார்.

ராஜஸ்தானுக்கு முன்னால் கொல்லிமலை ஏற வேண்டும் என்றது அர்த்தநாரிதான். அதே எழுபது வளைவு. பெட்டிகளில் மணல் மூட்டை, பின்சீட்டில் தமிழரசு. இந்தத் தடவையும் புட்டுக்கொண்டால் அவள் சேர்த்து வைத்த இருபத்திநாலு நாளும் போச்சு, அர்த்தநாரி இனி பைக்கைத் தொட முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். தீனதயாளன் தன் வண்டியில் அர்த்தநாரியை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார்.

சேந்தமங்கலத்தில் டீ குடிக்கும்போது, “உங்க கேரியருக்குப் பின்னால போறதுன்னா எனக்கு முழங்கை வலிக்குதுங்க” என்றார் தீனதயாளன், சட்டைக் கையை ஏற்றித் தழும்பைக் காட்டி.

அர்த்தநாரி டம்ளரைக் கீழே வைத்தார். “அந்தத் தழும்பு என்னாலதான் தயாளா” என்று பைப் கதையைச் சொன்னார். மென்று விழுங்கித்தான் சொன்னார்.

தீனதயாளன் சட்டைக் கையை இறக்கிவிட்டார். “ஆறு வருசமா வளைவுல நான் பிரேக்க அமுத்துனது தப்புன்னு நெனச்சுட்டு இருக்கறனுங்க” என்றார். “குழுவுல ஒருத்தங்கிட்டயும் சொல்லலை. அதுக்கப்பறம் மலைக்கே வண்டிய விடாம, ஒடம்பு செரியில்லை, டயர் செரியில்லைன்னு சாக்குச் சொல்லிட்டிருந்தேன். மொதல்லயே சொல்லப்படாதுங்களா?”

“எனக்கே அது மொதல்லயே தெரியப்படாதா?” என்றார் அர்த்தநாரி.

காரவள்ளி தாண்டி மலை ஏறியது. அறிவுச்செல்வி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, அகலமாக எடுத்து, நிதானமாகத் திரும்பினாள். தமிழரசு கண்ணை மூடியிருப்பது பின்னாலிருந்தே தெரிந்தது. அர்த்தநாரி வளைவுகளை எண்ணினார். நாற்பத்தோராவது வளைவில் மூச்சை விடவில்லை. தீனதயாளன் பிரேக்கைத் தொடாமல் கியரைக் குறைத்துத் திரும்பினார்.

எழுபதாவது வளைவு தாண்டி நிறுத்தி, நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஏழு கோடு நேராக இருந்தன. இடது பக்கம் ஒன்று மயிரிழை நகர்ந்திருந்தது.

அர்த்தநாரியின் முகம் செத்துவிட்டது. கை தானாகத் தோளில் மாட்டியிருந்த சாமான் பைக்குள் போனது. தமிழரசு எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, அந்தப் பைப்பையும் எடுத்துட்டு வந்திருக்கீங்ளா?” என்றான்.

அர்த்தநாரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு தைரியத்துக்கு என்று காலையில் அதைப் பைக்குள் போட்டிருந்தார். பைப்பை உள்ளே தள்ளிவிட்டு டார்க் ரெஞ்சை எடுத்தார். நட்டைக் கழற்றிப் பார்த்தார். கேரியருக்கு அடித்த புதுப் பெயிண்ட் நட்டுக்கு அடியில் நசுங்கி இடம் விட்டிருந்தது. சுரண்டிவிட்டு மாட்டினார். டக். மேலே இன்னொரு நட்டைப் பூட்டாகப் போட்டார். அறிவுச்செல்வி பழைய கோட்டைத் துடைத்துப் புதுக் கோடு இழுத்தாள். இறங்கி அடிவாரம் வந்து பார்த்தபோது எட்டும் நேராக இருந்தன. “இப்ப எட்டுக் கோழியும் மருந்து குடிச்சிருச்சு” என்றாள்.

மாசி மாதம் கிளம்புகிற அன்று, பன்னிரண்டு வண்டிகளும் விடிந்ததும் பட்டறை வாசலில் வந்து நின்றன. சங்ககிரி வழியாகத்தான் போக வேண்டும் என்றாலும், இங்கே நிற்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. பாவாயி எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். மூணு பேர், திரும்பி வந்ததும் தங்களுக்கும் கேரியர் வேண்டும் என்று அளவு சொன்னார்கள். “வந்து சொல்லுங்க பாக்கலாம்” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார் அர்த்தநாரி. போர்டு துடைக்கப்பட்டு இருந்தது, இன்னும் மேலே ஏறவில்லை. அதைச் சாத்தி வைத்த இடத்துக்குப் பக்கத்தில், பழைய இரும்புக்காரனுக்கு ஒதுக்கிய குவியலின் மேல், ரெண்டடிப் பைப் கிடந்தது.

“ஐநூறு கிலோமீட்டருக்கு ஒருக்கா நிறுத்திக் கோட்டப் பாருங்க அம்மிணி. கழுத்துச் சங்கிலி இருக்குதான்னு தொட்டுப் பாக்கறதாட்ட நெனச்சுக்கங்க.”

“பாக்கறனுங்க. படம் புடிச்சு அனுப்பறேன். போன ஒடைச்சராதீங்க.”

தீனதயாளன் முன்னால் கிளம்பினார். வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமின. தமிழரசு பெட்டியில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்து, இப்போதே கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டான். அறிவுச்செல்வி கிளட்சைப் பிடித்தவள், எதையோ பார்த்துவிட்டு மறுபடி வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். தலைக்கவசத்தின் கண்ணாடியை மேலே தள்ளினாள்.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணு. அந்தப் பைப்ப இரும்புக்காரனுக்குப் போட்டறாதீங்க. போர்ட மேல மாட்டறப்ப, அதுக்குக் கீழயே, வர்றவங்க கண்ணுல படற மாதிரி அதையும் மாட்டி வைங்க. இது என்னன்னு கேக்கறவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க.”